பழைய ராணுவப் பிஸ்டலைச் சுடுவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து வால்தர் பி38 பிஸ்டல் ஒன்று உரிமத்தோடு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கறுப்புப் பூச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, ஸ்லைடு (முன்பின் ஓடும் மேல் பாகம்) தடையில்லாமல் ஓடுகிறது, பேரலும் உள்ளே பளபளக்கிறது. இதை ரேஞ்சுக்கு எடுத்துப்போய்ச் சுடலாமா, அதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். லூகர், 1911, மவுசர் என்று மற்ற பழைய பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கும் இதே சந்தேகம் இருப்பதால் அவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்டவை எல்லாம் விற்கும்போது விலையைக் கூட்டும் அம்சங்கள். சுடத் தகுதியானதா என்று தெரிந்துகொள்ள வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒரு பிஸ்டல் உடல் முழுக்க ஒரே மாதிரி தேய்வதில்லை. ஒவ்வொரு வடிவமைப்புக்கும் பலவீனமான இடம் என்று ஒன்றிரண்டு உண்டு. உடைந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். கையில் இருக்கும் மாடல் எங்கே உடையும் என்று தெரிந்துகொண்டு பூதக்கண்ணாடியை அங்கே வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேகஸினை எடுத்துவிட்டு, சேம்பருக்குள் (தோட்டா அமரும் அறை) கண்ணாலும் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் லூகர் பி08 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதில் சியர் பார் என்கிற, சுடும் ஊசியைப் பிடித்துவைத்திருக்கும் பாகம் மேல் பாதியின் இடது பக்கத்தில் வெளியே இருக்கிறது. சேம்பரில் தோட்டா இருக்கும்போது மேல் பாதியைப் பிரேமிலிருந்து (கைப்பிடியுள்ள கீழ் உடல்) கழற்றி எடுத்துவிட்டால், அந்தப் பட்டையை விரல் அழுத்தினாலே அது வெடிக்கும். ட்ரிகரே தேவையில்லை. ஜப்பானிய டைப் 94 பிஸ்டலில் கழற்றக்கூட வேண்டாம். முழுதாகப் பொருத்திய நிலையிலேயே இடது பக்கத்துச் சியர் பாரை அழுத்தினால் சுட்டுவிடும். அதனால் கழற்றும் முன் காலி என்று உறுதி செய்வதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பல பத்தாண்டு கிரீஸும் கரியும் படிந்த எஃகில் விரிசல் தெரியாது. கைப்பிடிப் பலகைகளையும் கட்டாயம் கழற்றுங்கள், திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால். மரப் பலகைக்கு அடியில் ஈரம் தங்கி, பிரேமில் ஆழமான துருக்குழிகள் விழுந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தோல் உறையிலேயே பல வருடம் கிடந்தவற்றில் உறை பட்ட பக்கம் மட்டும் குழி விழுந்திருக்கும், ஏனென்றால் தோல் பதனிடும் ரசாயனங்களும் தோல் உறிஞ்சும் ஈரமும் எஃகை அரிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பூச்சு சந்தேகப்படும்படி புதிதாக இருந்தால் நான் கூடுதல் நேரம் பார்ப்பேன். மெருகேற்றி மறுபடி பூச்சுப் போட்ட பிஸ்டலில் எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், திருகுத் துளைகளின் விளிம்பு சரிந்திருக்கும். பழைய துருவை மறைக்க அப்படிச் செய்திருக்கலாம்; வெல்டிங்கை மறைக்கவும் செய்திருக்கலாம். செயலிழக்க வைத்த பிஸ்டல்களும் துண்டாக வெட்டப்பட்ட பிரேம்களும் திரும்ப ஒட்டப்பட்டு வந்ததுண்டு. பிரேமில் நிறம் மாறிய பட்டை தெரிந்தாலோ, உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் அரம் போட்ட தடம் தெரிந்தாலோ அந்தப் பிஸ்டலை அலமாரியில் வையுங்கள், சுட வேண்டாம்.

விரிசல் தேடுவதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. சந்தேகமான இடத்தில் மெல்லிய எண்ணெயைத் தடவி சிறிது நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, மிதமாகச் சூடாக்குங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து மெல்லிய கோடாக வெளியே வரும். இன்னும் நம்பகமானது சாயம் ஊடுருவும் சோதனை: சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடித் தெளிப்பான் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். வெல்டிங் பட்டறைகளில் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்தான் இது.

சரி, எங்கே தேடுவது? உங்கள் பி38-இலிருந்தே தொடங்கலாம். அதில் பேரலையும் ஸ்லைடையும் பூட்டுவது பேரலுக்கு அடியில் ஊசலாடும் சின்ன லாக்கிங் பிளாக். அதன் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள்தான் சுடும்போது வரும் விசை முழுவதையும் தாங்குகின்றன. காது உடம்போடு சேரும் மூலையில் மயிரிழை விரிசல் வரும். அந்தப் பாகத்தைக் கழற்றி, சாயம் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுகளும் சமமாகச் சுமை தாங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்: காதுகளின் முன்பக்கம் மார்க்கர் மையைத் தடவி, பூட்டி, ஸ்லைடைப் பல தடவை இழுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மை அழிந்தால் ஒரு காதே எல்லா வேலையும் செய்கிறது. உடையப் போவதும் அதுதான். பிளாக் அமரும் ஸ்லைடின் பள்ளங்களையும் அதே கவனத்தோடு பாருங்கள். 1944, 45-இல் அவசரமாகச் செய்த பிஸ்டல்களில் இயந்திர வேலை முரடாக இருக்கும். கருவித் தடம் ஆழமாக விழுந்த மூலையில்தான் விரிசல் தொடங்கும். மேலே இருக்கும் தகட்டு மூடி தளர்ந்திருந்தால் சுடும்போது அது பறந்துவிடும், அதன் கீழே இருக்கும் சிறு பாகங்களும் சேர்ந்து போகும். விரலால் தள்ளினால் அசையக் கூடாது.

பி38-இன் இன்னொரு பலவீனம் இதைவிட முக்கியம். சேஃப்டியை (பாதுகாப்பு நெம்பு) கீழே தள்ளினால் ஹேமர் என்கிற சுத்தியல் தானாக விழும். அந்த நேரத்தில் ஃபயரிங் பின்னை (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) பிடித்துவைப்பது சேஃப்டியின் உருளைப் பகுதி. அது தேய்ந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ, பாதுகாப்புக்காகச் செய்யும் அந்தச் செயலே தோட்டாவை வெடிக்க வைக்கும். காலிப் பிஸ்டலை முனை மேலாகப் பிடித்து, பேரலுக்குள் ஒரு பென்சிலை ரப்பர் முனை கீழே இருக்கும்படி விட்டு, ஹேமரை இழுத்து வைத்து, சேஃப்டியைத் தள்ளுங்கள். பென்சில் துளியும் அசையக் கூடாது. அசையாவிட்டாலும்கூட, சேம்பரில் தோட்டா இருக்கும்போது இந்தச் சேஃப்டியால் ஹேமரை விழவைக்காதீர்கள். எண்பது வயது உருளை அடுத்த அடியில் உடையாது என்று எந்தச் சோதனையும் உறுதி தராது. செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் 52-க்கும் இதே அறிவுரைதான். போருக்குப் பின் வந்த பி1 வைத்திருப்பவர்கள் அலுமினியப் பிரேமையும் பாருங்கள். லாக்கிங் பிளாக் மோதும் இடத்தில் அது அடிபடும் என்பதால்தான் பிற்காலத்தில் அங்கே ஓர் எஃகுக் குறுக்காணி சேர்த்தார்கள்.

லூகரில் பூட்டுவது முழங்கால்போல மடங்கும் டாகிள் இணைப்பு. பூட்டிய நிலையில் நடு மூட்டு பேரலின் அச்சுக்குச் சற்றே கீழே இருக்கும். அந்தச் சிறு வித்தியாசம்தான் அதைத் திறக்காமல் பிடித்துவைக்கிறது. மூட்டு ஆணிகள் ஆடுகின்றனவா, பேரலின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளாக்கின் முன்பக்கமும் ஆணி போகும் துளைகளைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் எளிதில் உடையும்.

மவுசர் சி96-இல், பேரலின் பின்வாயை மூடி முன்பின் ஓடும் போல்ட்டின் பின்புறம் குறுக்கே போகும் ஒரு சின்னத் தடுப்புக்கட்டை இருக்கிறது. போல்ட் பின்னால் வெளியே வராமல் தடுப்பது அதுதான். அது உடைந்தால் போல்ட் நேராகச் சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். எனவே இந்த ஒரு பாகத்தில் சமரசமே கூடாது: விளிம்பு நசுங்கியிருந்தாலும் புதிதாக மாற்றிவிடுங்கள். ரிகாயில் ஸ்பிரிங்கையும் (பின்னுதைப்பைத் தாங்கும் சுருள்) அதோடு மாற்றுங்கள், ஏனென்றால் அந்தக் கட்டையின் மேல் விழும் அடியைக் குறைப்பது அந்த ஸ்பிரிங்தான்.

அமெரிக்க 1911 மற்றும் 1911ஏ1 எவ்வளவோ உறுதியானவை என்று பெயர் வாங்கியவை. இருந்தாலும் முதல் உலகப் போர்க் காலத்து ஸ்லைடுகள் இன்றைய ஸ்லைடுகள்போலக் கடினமாக்கப்பட்டவை அல்ல. இரண்டாம் போரில்கூடச் சில இடங்களை மட்டுமே கடினமாக்கினார்கள். அதனால் கூடு வெளியேறும் சாளரத்தின் முன் மூலை, ஸ்லைடு ஸ்டாப் விழும் வெட்டு, ரிகாயில் ஸ்பிரிங் குழல் ஸ்லைடோடு சேரும் இடம், இந்த மூன்றிலும் விரிசல் தேடுங்கள். பேரலின் மேலிருக்கும் பூட்டு வரிகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டு, நசுங்கி இருந்தால் ஸ்லைடின் உள்வரிகளும் அதே நிலையில் இருக்கும். அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்ய முடியாது.

பேரலைப் பற்றி ஒரு தவறான பயமும் ஒரு தவறான நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உள்ளே மங்கலாக, லேசாகக் குழி விழுந்திருந்தால் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது குறி தவறுவதோடும் சுத்தம் செய்யச் சிரமப்படுவதோடும் நின்றுவிடும். பளபளப்பாக இருந்தால் நம்பிவிடுகிறார்கள். பளபளப்பான பேரலும் உப்பியிருக்கலாம். முந்தைய குண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் அந்த இடத்தில் வளையம்போல உப்பும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றினால் உள்ளே ஓர் இருண்ட வளையம் தெரியும். இறுக்கமான துணியைக் கம்பியில் கோத்துத் தள்ளுங்கள். ஓரிடத்தில் திடீரென்று கை இலகுவாகி மறுபடி இறுகினால் அங்கே உப்பல் இருக்கிறது. உப்பிய பேரலில் சுடவே கூடாது.

ஸ்பிரிங்குகளுக்கு நான் அதிகம் யோசிப்பதில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய ரிகாயில் ஸ்பிரிங் சுருங்கிப்போயிருந்தால் ஸ்லைடு வேகமாகப் பின்னால் வந்து பிரேமை அடிக்கும். பல விரிசல்கள் அப்படித்தான் பிறக்கின்றன. புதியது வாங்கும்போது அசல் வலிமையிலேயே வாங்குங்கள் (1911-க்கு வழக்கமானது 16 பவுண்டு). மிகக் கடுமையானதைப் போட்டால் பூட்டிக்கொள்ளும் வேகம் கூடி வேறு இடத்தில் அடி விழும். பழைய ஸ்பிரிங்குகளைப் பெயர் எழுதி உறையில் போட்டு வையுங்கள்.

அடுத்தது ட்ரிகர் அமைப்பு. இங்கே வரும் தேய்மானம் கண்ணுக்குத் தெரிவது அரிது, அதனால் செயலைச் சோதிக்க வேண்டும். பூட்டிய காலிப் பிஸ்டலில் ஹேமரை இழுத்து வைத்து, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரைப் பின்னாலிருந்து அழுத்தமாக முன்னே தள்ளுங்கள். விழுந்தால் ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் தேய்ந்துவிட்டது. சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை நன்றாக அழுத்தி, விட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள். அந்தக் கணத்தில் ஹேமர் விழக் கூடாது. பி38-இல் சேஃப்டியே ஹேமரை விழவைக்கும் என்பதால் இந்த ஒன்று அதற்குப் பொருந்தாது, முன்னே சொன்ன பென்சில் சோதனைதான். அப்புறம், ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து முன்னே விடுங்கள். ஹேமர் பின்னாலேயே நிற்க வேண்டும். ட்ரிகரை விட்டு மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும். ஹேமர் ஸ்லைடோடு சேர்ந்து விழுந்தால் அந்தப் பிஸ்டல் ஒரே அழுத்தில் பல தோட்டாக்களைச் சுடக்கூடும். டோகரேவ் டிடி-33-இல் தனிச் சேஃப்டியே கிடையாது, ஹேமரைப் பாதியில் நிறுத்தும் வெட்டு மட்டும்தான். அந்த நிலையில் ட்ரிகரும் ஸ்லைடும் அசையாமல் பூட்டியிருக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளில் ஹேமரைச் சும்மா விழவிடும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், முடிந்த இடத்தில் வெடிமருந்தில்லாத டம்மி தோட்டா போடுங்கள். சிஇசட் 52-இன் ஃபயரிங் பின் வெறுமனே அடித்தாலே உடைவதற்குப் பேர் போனது. ஜப்பானிய டைப் 14-இன் உறையிலேயே உபரி ஃபயரிங் பின் வைக்க ஓர் இடம் தைத்திருந்தார்கள்.

தோட்டா விஷயத்தில் பிஸ்டல் நல்ல நிலையில் இருந்தும் ஆட்கள் அதை உடைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைகிறது என்பதற்காக ஒரு தோட்டா அந்தப் பிஸ்டலுக்கானது ஆகிவிடாது. இத்தாலியின் 1910 கிளிசென்டி பிஸ்டலின் தோட்டாவும் 9 மிமீ பாரபெல்லமும் அளவில் ஒன்றே. ஆனால் கிளிசென்டி தோட்டாவின் வெடிமருந்து வலிமை குறைவு, அதன் பிரேமின் இடது பக்கம் கழற்றக்கூடிய தகடு. அதில் சாதாரண பாரபெல்லம் போடுவது ஆபத்து. மவுசரின் 7.63 மிமீ தோட்டாவும் டோகரேவின் 7.62 மிமீ தோட்டாவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. டோகரேவ் தோட்டா அழுத்தம் கூடியது, அதை சி96-இல் போடக் கூடாது. சி96-இலேயே கைப்பிடியில் சிவப்பு 9 செதுக்கியவை 9 மிமீ பாரபெல்லத்துக்கானவை. ஆஸ்திரியாவின் ஸ்டையர் 1912, 9 மிமீ ஸ்டையர் தோட்டாவுக்கானது. ஸ்லைடில் 08 முத்திரை இருந்தால் அது பாரபெல்லத்துக்கு மாற்றப்பட்டது. பிஸ்டல் இல்லாவிட்டாலும் வெப்லி ரிவால்வரையும் சொல்லிவிடுகிறேன்: .455 வெப்லிகள் பலவற்றின் சிலிண்டரைச் சீவி .45 ஏசிபி போடும்படி செய்திருக்கிறார்கள். .455-இன் உச்ச அழுத்தம் சுமார் 13,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .45 ஏசிபி-யின் வரம்பு 21,000. கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பி38-க்கு 115 அல்லது 124 கிரெயின் எடையில், செம்பு உறையிட்ட உருண்டை முனைக் குண்டுள்ள, சாதாரண அழுத்தத் தோட்டா போதும். பிளஸ் பி என்று எழுதியது (அழுத்தம் கூட்டியது) வேண்டாம். போர்க்கால உபரித் தோட்டாக்களை வரலாற்று உணர்வுக்காகச் சுட நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழைய பிரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பகுதி) தாமதமாக வெடிக்கும், சில சமயம் குண்டைப் பாதி வழியில் விட்டுவிடும், எரிந்தபின் உப்பையும் விட்டுச்செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து பேரலை அரிக்கும். எண்ணெய்க்கு அது கரையாது. தெரியாமல் சுட்டுவிட்டால் வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதற்குப் பிறகுதான் எண்ணெய் போட வேண்டும்.

பிரேம், ஸ்லைடு, பேரல் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கேயோ பாகங்கள் கலந்திருக்கின்றன. அதனாலேயே ஆபத்து என்றில்லை. ஆனால் ஹெட்ஸ்பேஸ் எனப்படும் தோட்டா அமரும் இடைவெளியை அளவுகோல் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். 9 மிமீக்கான கோ, நோ-கோ அளவுகோல்கள் (முதலாவதை வைத்தால் பூட்ட வேண்டும், இரண்டாவதை வைத்தால் பூட்டக் கூடாது) துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் இருக்கும். நோ-கோ உள்ளே இருக்கும்போதும் ஸ்லைடு முழுதாகப் பூட்டினால் சுடுவதை நிறுத்திவைத்து, எந்தப் பாகம் தேய்ந்தது என்று அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டுப் பாகங்களில் விரிசல் சந்தேகம் வந்தாலும் அவரிடமே போங்கள். பழைய ராணுவப் பிஸ்டல்களில் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும்.

எண் எல்லாம் ஒத்துப்போகிறது என்றால் வேறு ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. லூகரில் சிறு பாகங்கள்வரை கடைசி இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். அதில் ஒரு எக்ஸ்ட்ராக்டர் உடைந்து வேறொன்றை மாற்றினால் பிஸ்டல் திரும்பச் சுடும், ஆனால் அந்த முழுமை போய்விடும், வேறு எங்கும் வாங்க முடியாது. என் கருத்து: எண் முழுதாக ஒத்த, அரிதான பிஸ்டலைச் சுடாமல் வையுங்கள், சுடுவதற்கென்று எண் கலந்த, பூச்சு போன ஒன்றை வாங்குங்கள். சுட்டே ஆக வேண்டும் என்றால் ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங்குகள், கைப்பிடிப் பலகைகள் ஆகியவற்றை மாற்றுப் பாகங்களாகப் போட்டுச் சுட்டுவிட்டு, அசலைத் திரும்பப் பூட்டுங்கள். பி38-இன் லாக்கிங் பிளாக்குக்கும் அதுவே, ஹெட்ஸ்பேஸைத் திரும்ப அளந்துவிட்டு.

இவ்வளவும் சரியாக இருந்தால் ரேஞ்சுக்குப் போகலாம். கண்ணாடி, காதடைப்பு, கையுறை. பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். முதல் தோட்டாவைப் பிஸ்டலைத் தாங்கியில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் ட்ரிகரை இழுத்துச் சுடுவது அதிகப்படியான எச்சரிக்கை இல்லை. மேகஸினில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். சுட்டதும் கூட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதிக்கு அருகே ஒரு பக்கம் வீங்கியிருந்தாலோ, நீளவாக்கில் பிளந்திருந்தாலோ, பிரைமர் துளைபட்டிருந்தாலோ, பின் அடித்த குழி ஓரமாக இழுபட்டிருந்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். கூடு நன்றாக இருந்தால் இரண்டாவது, மூன்றாவது, அதே ஒற்றைத் தோட்டாவாக. பிறகு இரண்டு போடுங்கள், ஒரே அழுத்தில் இரண்டும் போகிறதா என்று தெரிந்துவிடும். அதற்குப் பின்தான் மேகஸினை நிரப்புவது.

இருபது முப்பது தோட்டாக்களுக்குப் பிறகு அங்கேயே கழற்றி, லாக்கிங் பிளாக்கின் காதுகளையும் ஸ்லைடு பிரேமை மோதும் இடத்தையும் பாருங்கள். புதிதாக எஃகு நசுங்கிப் பளபளத்தால் ரிகாயில் ஸ்பிரிங் போதவில்லை. வீட்டுக்கு வந்து சுத்தம் செய்தபின் சாயச் சோதனையை அந்தக் காதுகளில் இன்னொரு முறை செய்து, முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். அதற்காகவே சுடுவதற்கு முன்னால் அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். தொடக்கத்திலிருந்தே இருந்த கருவித் தடத்தையும் இப்போது புதிதாக வந்த விரிசலையும் பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை.